பாரமில்லாத சப்பாத்து

சென்ற பங்குனி மாதம் வரைக்கும் சப்பாத்தைப் பற்றி எனக்கு இரண்டு விஷயங்கள்தான் தெரியும். பனிக்காலத்தில் நல்லதாகப் போடாவிட்டால் விழுவோம். கோயிலுக்கு நல்லதாகப் போட்டுக்கொண்டு போனால் வேறொருவருடையதோடு வீட்டுக்குத் திரும்புவோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு இந்த அறிவு போதும் என்றே இருந்துவிட்டேன். அப்போதுதான் அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர்.

"மச்சான், வெயில் காலத்திலை வேட்டைக்குப் போடுற மாதிரி பாரமில்லாத சப்பாத்து ஒண்டு வேணும். பழசைத் தூக்கேலாமக் கிடக்கு."

பழசு என்பது கார்த்திகை மாதத்து மான் வேட்டைக்கு வாங்கியது. முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் சப்பாத்து. அதைத் தூக்க முடியாமல் போனதற்குக் காரணம் சப்பாத்து அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய இருதயம் களைத்துப் போயிருந்தது. செய்ய வேண்டிய வேலையில் பாதியைக்கூட அது செய்வதில்லை என்று டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பின்னேரமானால் கால் வீங்கும். அக்கா ஒவ்வொரு நாளும் அவருடைய கணுக்காலில் பெருவிரலால் அழுத்தி, குழைத்த மாவைப் பதம் பார்ப்பதுபோல, அந்தப் பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பாள்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான். சித்திரை மாதக் கடைசியில் வான்கோழி வேட்டைக்கான சீசன் திறக்கும். அவர்கள் வீடு இருக்கும் ஸ்ரௌவ்வில்லுக்கு இன்னும் வடக்கே, ஒரு விவசாயியின் காணியில், சோள வயல் முடியும் இடத்தில் ஒரு காடு தொடங்குகிறது. எத்தனையோ வருடமாக அவர் போய்வரும் இடம். அந்தக் காட்டு விளிம்பு வரைக்கும் இன்னுமொரு முறை தன் காலால் நடந்து போக வேண்டும். பறவை கிடைத்தால் கிடைக்கட்டும். நடப்பதுதான் பெரிது.

எங்கள் ஆட்களில் வேட்டைக்காரர் அபூர்வம். நாங்கள் வீடு வாங்குவோம், விற்போம். சங்கம் வைப்போம், அதை இரண்டாக்குவோம். துவக்கு, வெடி என்ற சொல்லைக் கேட்டால் பேச்சை மாற்றுவோம். அத்தான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், பக்கத்து இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் அவரை ஒரு சனிக்கிழமை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் வேறு ஆள். வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். கோயிலில் யாராவது, "என்ன அண்ணை, உயிரைக் கொல்லுறது பாவமில்லையோ?" என்று கேட்டால், "கந்தசாமியாரும் வேடன் வேஷம் போட்டுத்தான் கலியாணம் கட்டினவர்" என்பார். கேட்டவர் அடுத்த கிழமை மான் இறைச்சி வாங்க அவர் வீட்டு வாசலில் நிற்பார்.

அக்கா இதற்கெல்லாம் ஓர் எல்லை வகுத்திருந்தாள். இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது. கராஜில் தனி அடுப்பு, தனிக் குளிர்ப்பெட்டி, தனிச் சட்டி. எனக்குத் தெரிந்தவரையில் அந்த வட்டாரத்திலேயே மிகவும் ருசியான சமையல் கார் நிற்க வேண்டிய இடத்தில்தான் நடந்தது.

இப்போது அவரைத் தனியே அனுப்ப அவள் தயாராக இல்லை. "போறதெண்டால் தம்பியோடை போங்கோ" என்று சொல்லிவிட்டாள். வாழ்நாளில் ஒரு கோழியைக்கூடத் துரத்தியிராத நான் இப்படித்தான் வேட்டைத் துணையானேன். ஆகவே சப்பாத்து இரண்டு சோடி வேண்டும்.

"உந்தக் குளிருக்கை அவரைக் கடை கடையாய்க் கொண்டு திரியாதை. அளவைக் கொண்டு போய் நீ வாங்கிக்கொண்டு வா" என்றாள் அக்கா.

அளவு எடுப்பதற்கு மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையைத் தரையில் விரித்தாள். அத்தான் குனிந்து பார்த்துவிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இஞ்சேர், உது மரண அறிவித்தல் பக்கம். வேறை பக்கத்திலை கீறு."

"வேறை பக்கத்திலை நினைவஞ்சலி."

"வீடு விக்கிறவங்கடை பக்கம் இருக்குமே, அதை எடு. அவங்களை மிதிச்சால் பாவமில்லை."

அப்படியே செய்தோம். கோட்டும் டையும் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு முகவரின் நெற்றியில் அத்தானின் குதி இறங்கியது. நான் பேனையால் சுற்றிவரக் கீறினேன். கால் விரல்களுக்கிடையில் பேனை போனபோது அவர் கூசிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அது தெரியவே இல்லை.

வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒரு தொழிற்சாலை அளவு பெரியது. வாசலில் பஞ்சடைத்த கரடி ஒன்று என்னை இனங்கண்டுகொண்டதுபோல நின்றது. சப்பாத்துகளுக்கு ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அட்டை: எண்ணூறு கிராம், நானூறு கிராம், இருநூறு கிராம். இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று நான் நினைக்கவில்லை. பாரமில்லாதது கேட்டார், இருநூறு கிராமை எடுத்தேன். கையில் தூக்கியபோது கொஞ்சம் கூடுதலாகத்தான் கனத்தது. கம்பனிக்காரன் எழுதியிருக்கும்போது என் கையை நம்புவதா? அதே வகையில் எனக்கும் ஒரு சோடி எடுத்து, கார் தரிப்பிடத்திலேயே போட்டுக்கொண்டு, வேட்டைக்காரனாகவே ஸ்ரௌவ்வில் வரைக்கும் ஓட்டினேன்.

அத்தான் பெட்டியைத் திறந்தார். அட்டையைப் படித்தார். என் காலைப் பார்த்தார்.

"மச்சான், இதை என்னெண்டு தெரிஞ்செடுத்தனி?"

"இருநூறு கிராம் அத்தான். அதைவிடக் குறைவாய் அங்கை இல்லை."

"விசரா, அது சப்பாத்தின்ரை பாரமில்லையடா. உள்ளுக்கை வைச்சுத் தைச்சிருக்கிற பஞ்சின்ரை கணக்கு. குளிருக்குப் போடுறது. வெயிலுக்கை இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் புட்டு மாதிரி அவிஞ்சிடும்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். "புட்டு" என்று இன்னொரு தரம் சொல்லிச் சிரித்தவருக்கு நடுவில் மூச்சு வரவில்லை. இருந்த கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, யாரோ வந்து மிச்சக் காற்றைத் தருவார்கள் என்பதுபோல இருந்தார். அக்கா ஓடிவந்து நெஞ்சைத் தடவினாள். ஆட்களைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத எனக்கு, அதுவும் பக்கவிளைவுள்ள மருந்துதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பிறகு அவரோடு கதைக்கும்போதெல்லாம் வந்த பகிடிகளை விழுங்கப் பழகினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "என்ன, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறாய்?" என்று ஒருநாள் ஏசினார்.

அளவும் பிழைத்திருந்தது. நாங்கள் கீறியது பின்னேரத்தில், வீங்கிய காலை. அடுத்த நாள் விடிய அவர் போட்டுப் பார்த்தபோது, காலுக்கும் சப்பாத்துக்கும் இடையில் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம்போல இருந்தது. அவருடையதைத் திருப்பிக் கொடுக்கலாம். என்னுடையதைக் கொடுக்க முடியாது. நான்தான் வீதியெல்லாம் மிதித்துவிட்டேனே.

ஆகவே மழையில்லாத ஒரு நாள் பார்த்து அவரையே கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்துச் சுவருக்கு முன்னாலிருந்த வாங்கில் அவரை இருத்தினேன். கடையில் நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்துவர, அவர் எனக்குத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவருக்குக் குரல் வந்திருந்தது.

"இது தண்ணி உள்ளுக்கு விடாது. நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்கை ஊறுற வேர்வையும் வெளியிலை போகாது. காலமை பனியிலை நனைஞ்சால் நனையட்டும், காயிறதுதான் முக்கியம். இஞ்சை பார், வலை மாதிரித் துணி, காத்துப் போகும். அடி மெல்லிசாய் இருக்கவேணும். தடி ஒண்டு காலுக்குக் கீழை அம்பிட்டால், அது முறியமுதல் உனக்குத் தெரியவேணும். முறிஞ்சால் வான்கோழி அடுத்த ஊருக்குப் போயிடும்."

"கணுக்காலை மூடவேணுமோ?"

"வேணும். உண்ணி இருக்கு. அதோடை என்ரை கால் இப்ப நான் சொல்லுற பக்கம் போறதில்லை, பிடிச்சு வைச்சிருக்க ஒண்டு வேணும்."

பிறகு என் காலைப் பார்த்தார். "வேட்டைக்குப் போற அண்டைக்கு உந்தச் சிவப்புச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு வந்திடாதை. வான்கோழிச் சேவலின்ரை தலை சிவப்பு. ஆரும் உன்ரை காலைக் கண்டு வெடி வைச்சிடுவாங்கள்."

கடைசியில் ஒன்று பிடித்திருந்தது. காய்ந்த இலையின் நிறம். கையில் வைத்தால் வெறும் பெட்டியை வைத்ததுபோல. அவருடைய காலுக்கு விடியவும் பின்னேரமும் வேறு வேறு அளவு என்பதால் எதை எடுப்பது என்று கேட்டேன்.

"பெரிசை எடு. விடிய ரண்டு சொக்ஸ் போடலாம். போறதுக்கு மட்டும் பாத்துச் சப்பாத்து வாங்கேலாது மச்சான், திரும்பி வரவும் வேணும்."

அந்தக் கடையில், சப்பாத்துகளைப் போட்டுப் பரிசோதிக்கவென்று, பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பாறை இருந்தது. இடுப்பளவு உயரம். அத்தான் அதில் ஏறப் போனார். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். ஒரு கால், பிறகு நீண்ட நேரம், பிறகு மற்றக் கால். உச்சியில் நின்று தூண்டில் தடிகள், கூடாரங்கள், படகுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நெற்றி முழுக்க வேர்வை. "பாரமே இல்லை" என்றார். இறங்கி வந்து வாங்கில் இருந்தவர், கடைப் பெண் இரண்டு முறை வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்வரை எழும்பவில்லை.

புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது, சில நாட்கள் வீட்டுக்குள் போட்டு நடந்து காலுக்குப் பழக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. அந்தத் தாளை எழுதியவர் எங்களுடைய வீடுகளுக்கு வந்ததில்லை. அக்காவின் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கால்மிதி உண்டு. அதைத் தாண்டிச் சப்பாத்து வருவதில்லை. தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர், பெட்டி பெட்டியாகத் தளபாடம் இறக்க வந்தவர்கள், ஒரு முறை புகை மணி அடித்து ஓடிவந்த தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் கழற்றிவிட்டே உள்ளே போனார்கள். தீயணைப்புக்காரர்கள் தயங்கினார்கள்தான். அக்கா, "சாமியறை இருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஆகவே அத்தான் கராஜுக்குள் நடந்தார். அடுப்புக்கும் குளிர்ப்பெட்டிக்கும் இடையில் போவதும் வருவதும். வெளியே இன்னும் பனி உருகி முடியவில்லை. சீமெந்து நிலம் குளிரைக் கக்கியது. இரண்டாம் நாளே இருமல் தொடங்கிவிட்டது. மூன்று நான்கு நாள் கழித்து நான் போனபோது, அவர் கோலூன்றியபடி கராஜுக்குள் நின்றார். அக்கா உள்கதவைத் திறந்தாள்.

"குளிருக்கை நிக்காதேங்கோ. உள்ளுக்கை வந்து நடவுங்கோ."

அத்தான் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"கழட்ட வேண்டாம். அப்பிடியே வாங்கோ."

அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கால்மிதியில் நின்று, தேவைக்கு மேலாகவே அடியைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் காலை வைத்தார். வரவேற்பறை, சாப்பாட்டு மேசை, சாமியறை வாசல், திரும்ப வரவேற்பறை. மினுக்கி வைத்த பலகைத் தரையில் அந்தச் சப்பாத்து சத்தமே போடவில்லை. நல்ல சப்பாத்துத்தான்.

நான் அக்காவின் பின்னால் குசினிக்குள் போனேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூடி திறந்த உப்புப் போத்தல் இருந்தது. முந்திய கோடையோடு அந்த வீட்டில் உப்பு ஒழிந்திருந்தது.

"என்னக்கா இது?"

"டொக்டர் சொன்னவர், இனி அவருக்கு விருப்பமானதைச் செய்ய விடுங்கோ எண்டு. சாப்பாட்டிலையும் கட்டுப்பாடு வேண்டாமாம்."

"எப்ப சொன்னவர்?"

"போன கிழமை."

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"பக்கத்திலைதான் இருந்தவர்."

"பிறகு நீங்கள் ரண்டு பேரும் அதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"எதைக் கதைக்கிறது? காரிலை வரேக்கை பால் வாங்கவேணும் எண்டு கதைச்சனாங்கள்." அவள் கத்தியை வைத்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று. "வாங்கிக்கொண்டுதான் வந்தனாங்கள்."

நான் திரும்பி வந்தபோது அத்தான் மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு சோபாவில் இருந்தார். சப்பாத்துக் கால்களை முன்னுக்கு நீட்டி, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை அக்கா சப்பாத்தோடை உள்ளுக்கை விட்டிட்டாள், பாத்தியே?"

"ஓம் அத்தான்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த முழுப் பேச்சுவார்த்தையும் அதுதான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர், சீசன் திறக்கும் நேரத்தில் சனம் கூடிவிடும், அதற்கு முதலே ஒருக்கால் போய் இடம் பார்த்து வைக்க வேண்டும் என்றார். வேட்டைக்காரர்கள் வழமையாகச் செய்வதுதான். துவக்கில்லாமல் போய், பறவைகள் எங்கே திரிகின்றன என்று பார்த்துவருவது. "வாற கிழமை நல்ல வெயிலாம்" என்றார். சித்திரைக் கடைசிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை உண்மையாகவே ஒரு நாள், பாதை தவறி வந்ததுபோல, கோடை வந்தது. அக்கா இரண்டு போத்தல் தண்ணீரும், மருந்தும், உப்புப் போட்டுப் பொரித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டித் தந்தாள். வாசலில் நின்று, "காடு மட்டும் போனால் எனக்கு ஒரு ஃபோன் அடியுங்கோ" என்றாள். எங்கள் ஆட்கள் இமயமலை வரைக்கும் போனாலும் இதே வசனம்தான்.

விவசாயியின் காணி வாசல் படலையடியில் காரை விட்டோம். பழைய சோளத் தட்டைகள் மண்ணில் குத்திக்கொண்டு நின்றன. நிழல் விழும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அழுக்குப் பனி. வயலின் மறு கரையில், இன்னும் இலை விடாத மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. அதுதான் காடு.

அத்தான் முதலில் நடந்தார். கோல் ஒரு கையில். அந்தச் சப்பாத்து அவருடைய காலை உண்மையாகவே கொண்டு போயிற்று; மண்ணில் வைப்பதும் தெரியவில்லை, எடுப்பதும் தெரியவில்லை. நான்தான் பின்தங்கினேன். வேறு வழியில்லாமல் அந்தப் பஞ்சுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஈரக் களிமண் அதில் அப்பிக்கொண்டது. உள்ளே கால் அவிந்தது. சுகமில்லாத மனிதர் முன்னால் போக, சுகமான மனிதன் நான் பின்னால் மூச்சு இளைத்துக்கொண்டு போனேன். எனக்கு அதில் பெரிய சந்தோஷமாக இருந்தது. இப்படியே போனால் காடு மட்டும் என்ன, அதற்கப்பாலும் போய்விடுவார் என்று, கொஞ்ச நேரம், நம்பினேன்.

வயலின் நடுவில் அவர் நின்றார். எனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் உதடுகளைப் பார்த்தேன், நீலம். கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில், மரங்களுக்குள், ஒரு வான்கோழிச் சேவல் கத்தியது. அவர் சத்தம் வந்த பக்கமாகக் காதைத் திருப்பினார். இன்னொரு தரம் கத்தியது.

"வலப்பக்கத்துப் பள்ளத்துக்கை நிக்குது" என்றார். "ரண்டு சேவல்."

"கொஞ்சம் நிண்டு போவம், அத்தான்."

அவர் நின்றார். மூச்சு எடுத்தார், விட்டார். காட்டுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த வயலை, ஒரு சாமானின் விலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீ களைச்சுப் போனாய்."

நான் அவரைப் பார்த்தேன்.

"முகமெல்லாம் சிவந்து போச்சு. உனக்கு ஏலாது. திரும்புவம்."

"ஓம் அத்தான்" என்றேன். "என்னாலை ஏலாமல்தான் கிடக்கு."

திரும்பும்போது என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அவர் என்னைத் தாங்கிக்கொண்டு வருவதுபோல இருந்திருக்கும். பார்க்க அங்கே யாரும் இல்லை. படலைக்கு வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. காரில் ஏறியதும் நித்திரையாகிவிட்டார். கிழங்குப் பொரியல் அவருடைய மடியில் இருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றாள்.

"என்ன, ஃபோனைக் காணேல்லை? காடு மட்டும் போனனியளோ?"

"எங்கை போறது?" என்றார் அத்தான். "பாதி வயலுக்கை உன்ரை தம்பி நிண்டிட்டான். இனி அவனைத் தோளிலை காவிக்கொண்டோ போறது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். எனக்கு ஞாபகமிருக்கும் காலத்திலிருந்து அவள் என்னை ஏசி வந்திருக்கிறாள். அன்றைக்கு ஏசியதுபோல ஒரு நாளும் ஏசியதில்லை. சோம்பேறி, தீனிப்பண்டாரம், ஒரு மனிசனோடை ஒரு வயல் நடக்கத் துப்பில்லாதவன். அத்தான் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, அதை ஒரு கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தரம், "விடு, அவனும் பாவம்" என்றார்.

சீசன் திறப்பதற்குச் சில நாட்கள் இருக்கும்போது அவர் போய்விட்டார். வீட்டில், பகலில், அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு நிறையச் சனம். எல்லோருக்கும் அவருடைய கடைசி நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அக்கா ஒரே கதையைச் சொன்னாள். படுக்கையில் கிடந்ததைச் சொல்லவில்லை, மூக்கில் போட்டிருந்த ஒட்சிசன் குழாயைச் சொல்லவில்லை. வயலைச் சொன்னாள்.

"கடைசி மட்டும் நல்லாத்தான் நடந்தவர். அண்டைக்குக் காடு மட்டும் போயிருப்பார். இவன்தான் களைச்சுப் போனான்."

அஜின்கோர்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, சுகமில்லாத மனிசனோடை கூட நடக்கேலாமப் போச்சோ உங்களுக்கு?"

"ஓம் அன்ரி" என்றேன். "எனக்கு நடந்து பழக்கமில்லை."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்காமலே என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போனாள்.